கோடிட்ட இடம்

ஜூன் முப்பது.
நள்ளிரவோடு போர்ட்டல் மூடிவிடும்.
தண்டையார்பேட்டை ஆய்வு மையம், மூன்றாம் மாடி.
ஏசி ஒழுகும் இடத்தில் பக்கெட்டை நகர்த்தி வைத்துவிட்டு
ஏழு பேரை எண்களாக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆறு பேர் முடிந்தார்கள்.
குணாளனுக்கு எட்டு.
நூர்ஜஹானுக்கு எட்டரை, அவள் பெயர்
வெளிநாட்டு இதழில் நான்காவதாக வந்திருக்கிறது.
வருகைப் பதிவேட்டில் மட்டும் வசிக்கிற ஒருவருக்கும் ஏழு;
அவர் சங்கத்தில் இருக்கிறார், எனக்கு ரத்த அழுத்தம்.

மீதி, அமலோற்பவம்.
தொழில்நுட்ப உதவியாளர், நிலை இரண்டு.
எண்ணூர் கழிமுகத்தில் பன்னிரண்டு நிலையங்கள்,
மாதம் நான்கு முறை, நீர் மாதிரி.
இலக்கு ஐந்நூற்று எழுபத்தாறு.
எட்டியது ஐந்நூற்று முப்பத்தொன்று.
விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தவன் நான்.

பதில் நீல மையில் வந்தது, பள்ளிக்கூடக் கையெழுத்தில்.
பன்னிரண்டு: துறைமுகத்தில் புயல் கூண்டு.
பதினாறு: சாம்பல் படிந்து ஆறு மேடாகி
படகு தரைதட்டியது.
பதினேழு: படகு வாடகை பில் பாஸாகவில்லை.

"ஒரு நம்பர் போட்டிருக்கலாமே அமலோற்பவம்,
போன வாரத்துக்கும் வந்த வாரத்துக்கும் நடுவுல ஒண்ணு?"
சிரித்துக்கொண்டே கேட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
"எடுக்காத தண்ணிக்கு இன்னா சார் நம்பர்?"
காலி பாட்டில்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரியில் மனிதவளப் பயிற்சி என்று ஒருவர் வந்தார்.
திரையில் மணியைப் போல ஒரு வளைகோடு வரைந்து
திறமை இப்படித்தான் விநியோகமாகிறது என்றார்,
நடுவில் கூட்டம், ஓரத்தில் சிலர்.
"ஏழு பேருக்கு மணி வராது சார், கிண்ணிதான் வரும்"
என்றான் குணாளன். எல்லோரும் சிரித்தோம்.
ஆனாலும் ஓரத்துக்கு ஒரு ஆள் வேண்டுமென்று
மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது.

அடுத்த கட்டம்: நேர்மை.
கீழே விரியும் பட்டியலில் முதல் வாசகம்
'ஐயத்துக்கு அப்பாற்பட்டது'.
ஆறு பேருக்கும் பார்க்காமலேயே சொடுக்கினேன்.
இங்கே விரல் நின்றது. அவளுக்காக இல்லை.

தொண்ணூற்றெட்டு டிசம்பர்.
அதே கழிமுகம், அதே ஒன்பதாம் நிலையம்.
தங்கை கல்யாணத்துக்கு மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு
திரும்பி வந்து, முன்னதையும் பின்னதையும் கூட்டி வகுத்தேன்.
கொஞ்சம் முன்பின்னாக்கினேன், இயற்கையாகத் தெரிய.
'தரவில் இடைவெளியே இல்லை, மிகச் சிறப்பு'
என்று அன்றைய அதிகாரி எழுதினார்.
இந்த நாற்காலிக்கு வந்த முதல் படி அது.
நூர்ஜஹானின் கட்டுரையில், இரண்டாம் வரைபடத்தில்
அந்த மூன்று புள்ளிகளும் இருக்கின்றன.
கோட்டிலேயே மிருதுவான இடம்.

ஒன்பது என்று அடித்தேன்.
'வரம்பை மீறுகிறது, காரணம் கூறவும்' என்றது திரை.
'நாற்பத்தைந்து கட்டங்களை இவர் நிரப்பவில்லை' என்று எழுதினேன்.
குறைந்தது இருநூறு எழுத்துகள் வேண்டுமாம்.
மீதியை எதைக்கொண்டு நிரப்ப?
கொருக்குப்பேட்டை பக்கம் கூட்ஸ் ஒன்று
போய் முடியாமல் போய்க்கொண்டிருந்தது.

பிறகு டிராயரைத் திறந்தேன்.
படகு வாடகை பில், ஆறு மாதப் பழையது,
மேலே டீ டம்ளர் வைத்த வட்டம்.
கடைசித் தேதி என்று எதுவும் இல்லாததால்
அது காத்திருந்தது.
கையெழுத்துப் போட்டேன். தேதி மட்டும்
இன்றையதா, ஜனவரியா என்று
பேனா ஒரு நொடி தயங்கியது.

இன்றையது.

போர்ட்டல் மூட இன்னும் நேரமிருக்கிறது.
பக்கெட் நிரம்பிவிட்டது.